அவகாடோ: நம் தட்டில் எதை எடுத்துவிட்டு இதை வைப்பது?

உட்லண்ட்ஸ்_அடுப்படி (இழையைத் தொடங்கியவர்)
திங்கள், இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். நெய் பற்றிய இழையில் பலர் அவகாடோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவகாடோ மிக நல்ல பழம். ஆனால் வழக்கமாகச் சாப்பிடுவதை எல்லாம் சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் இதையும் சாப்பிட்டால் பெரிதாகப் பலன் கிடைக்காது. தட்டிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க வேண்டும். வெண்ணெய், நெய், மயோனைஸ், கெட்டித் தேங்காய்ப்பால், இப்படி ஏதோ ஒன்று.

ஏன் என்று கேட்டால், கணக்கு இதுதான். 100 கிராம் அவகாடோவில் ஏறத்தாழ 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு. பழத்துக்கு இது அதிகம். ஆனால் அந்தக் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஒலியிக் அமிலம், அதாவது ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே நல்ல வகை. நார்ச்சத்து 6.7 கிராம். சர்க்கரை 1 கிராம்கூட இல்லை. பொட்டாசியம் 485 மில்லிகிராம். வாழைப்பழத்தில் சுமார் 360தான். ஃபோலேட் 81 மைக்ரோகிராம். வைட்டமின் ஈ, வைட்டமின் கே, கண்ணுக்கு நல்லதான லூட்டீன் எல்லாம் உண்டு.

இப்போது ஒரு மேசைக்கரண்டி நெய்யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் 120 கலோரி. ஹாஸ் என்ற சிறிய ரக அவகாடோவில் அரைப் பழத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு 8 கிராமுக்கு மேல், நார்ச்சத்து அறவே கிடையாது. அரை அவகாடோவில் நிறைவுற்ற கொழுப்பு 1.5 கிராம், நார்ச்சத்து நாலரை கிராமுக்கு மேல். ஒரே கலோரிக்கு எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! நம் இந்தியக் குடும்பங்களில் நீரிழிவும் இதயநோயும் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இந்த ஒரு மாற்றத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதுங்கள். நம் சமையலுக்குப் பொருந்தும் வழிகள்தான் வேண்டும். ரொட்டிமேல் தடவி முட்டை வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

---

தேக்கா_வாசி
திங்கள், இரவு 9.52

அக்கா, நல்ல இழை. நான் வாங்கும் பக்கத்தை எழுதுகிறேன். பலர் இந்தப் பழம் பிடிக்கவில்லை என்று சொல்வதற்குக் காரணம், பழுக்காததை வெட்டியதுதான் அல்லது அழுகியதை வாங்கியதுதான்.

சிங்கப்பூரில் இரண்டு கூட்டமாகப் பழம் வருகிறது. ஒன்று ஹாஸ். சிறியது, தோல் சொரசொரப்பு, பழுத்தால் பச்சையிலிருந்து கருஞ்சிவப்பாகி கறுத்துவிடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிகோ, பெரு என்று பல நாடுகளிலிருந்து வருகிறது. ஹாஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் தன் தோட்டத்தில் வளர்த்த ஒரே மரத்திலிருந்துதான் இந்த ரகம் முழுவதும் பரவியது. 1935இல் காப்புரிமையும் வாங்கினார்.

இன்னொன்று இந்தோனேசியா, மலேசியா, வியட்நாம் பக்கமிருந்து வரும் பெரிய பழம். தோல் வழுவழுப்பாக, பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும். இதில் எண்ணெய்ச் சத்து குறைவு, நீர் அதிகம். நிறத்தைப் பார்த்து இதை எடைபோட முடியாது. காம்புப் பக்கம் விரலால் மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஷெப்பர்ட் ரகமும் இப்படித்தான், பச்சையாகவே பழுக்கும். வருடத் தொடக்கத்தில் பேரங்காடியில் அதைப் பார்த்துவிட்டு, எப்போது கறுக்கும் என்று காத்திருந்தே அழுகவிடுபவர்கள் உண்டு.

ஒரு வேண்டுகோள். காம்புக் குமிழைக் கிள்ளி அடியில் பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பதை வீட்டில் செய்யுங்கள், கடையில் வேண்டாம். கிள்ளிய இடத்தில் காற்றுப் புகுந்து அந்தப் பழம் கெட்டுவிடும். அடுத்து வருகிற பாட்டியின் கையில் அதுதான் கிடைக்கும்.

---

ஜூரோங்_தம்பி
திங்கள், இரவு 10.20

நான் உடற்பயிற்சி முடிந்ததும் அவகாடோ ஜூஸ்தான் குடிக்கிறேன். வாரத்துக்குப் பல தடவை. அப்படியென்றால் நல்ல பழக்கம்தானே அக்கா?

---

உட்லண்ட்ஸ்_அடுப்படி
திங்கள், இரவு 10.41

தம்பி, அதில் என்ன ஊற்றுகிறார்கள் என்று கடைக்காரரிடமே கேட்டுவிடுங்கள். உணவங்காடி நிலையங்களில் விற்கும் அவகாடோ ஜூஸில் பெரும்பாலும் குலா மலாக்கா எனும் தென்னை வெல்லப் பாகு, கண்டென்ஸ்ட் மில்க், சில இடங்களில் சாக்லேட் சிரப்கூடச் சேரும். இந்தோனேசியாவிலிருந்து வந்த பழக்கம். சுவைக்குக் குறையே இல்லை, அலெக்சாண்ட்ரா கிராமத்து உணவங்காடி நிலையத்தில் இதற்காகவே வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் சர்க்கரையே இல்லாத ஒரு பழத்தை அதிகச் சர்க்கரை உள்ள பானமாக மாற்றிவிடுகிறோம்.

பெரிய பானக் கடைகளில் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள், பானங்களுக்கு ஏ முதல் டி வரை கொடுக்கும் தரக் குறியீடு அது. 2022 டிசம்பர் கடைசியில் புட்டி பானங்களுக்கு வந்தது, ஒரு வருடம் கழித்துக் கடையில் கலந்துதரும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் டி. ஒரு பெரிய கோப்பை 400 மில்லி என்று வையுங்கள், டி தரம் என்றால் 40 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது எட்டுத் தேக்கரண்டி.

வீட்டில் செய்தால் வேறு கதை. அரைப் பழம், சர்க்கரை சேர்க்காத பால், ஒரு பேரீச்சம்பழம், ஐஸ். உங்களுக்கு இன்னும் பிடிக்கக்கூடிய ஒன்று சொல்கிறேன்: அவகாடோ மோர். கால் பழம், புளிக்காத மோர், சின்னத் துண்டு இஞ்சி, அரைப் பச்சை மிளகாய், உப்பு, கறிவேப்பிலை, எல்லாவற்றையும் மிக்சியில் ஒரு சுற்று. நுரை பொங்கக் கெட்டியாக வரும். வெயிலில் ஓடிவிட்டு வந்தால் இது வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

---

பூன்லே_பெரியவர்
செவ்வாய், காலை 6.35

அம்மா, நீங்கள் எழுதியது எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் கடல் கடந்து குளிர்பெட்டியில் வருகிற பழத்தை வெள்ளி கொடுத்து வாங்கித்தான் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமா? நிலக்கடலை, எள், நல்லெண்ணெய் இருக்கிறதே. எங்கள் காலத்தில் செம்பவாங் பக்கம் வாழையும் பப்பாளியும் வாசலிலேயே காய்க்கும். அதைத் தின்றுதான் வளர்ந்தோம்.

---

உட்லண்ட்ஸ்_அடுப்படி
செவ்வாய், காலை 7.50

ஐயா, நீங்கள் சொல்வதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். வேகவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி எந்த அவகாடோவுக்கும் சளைத்ததில்லை. அதிலும் ஏறத்தாழ பாதி அதே ஒலியிக் வகைக் கொழுப்புதான், புரதம் இதைவிடப் பல மடங்கு. அவகாடோவில் 100 கிராமுக்கு 2 கிராம் புரதம்தான். எனவே கடலை சாப்பிடுகிறவர் இதைத் தேடிப் போக வேண்டியதே இல்லை.

நான் யோசிப்பது வேறு கூட்டத்தை. பல் இல்லாததால் கடலை மெல்ல முடியாத முதியவர்கள். காலையில் ரொட்டியில் வெண்ணெயும் காயா என்ற தேங்காய்ப்பால் முட்டை ஜாமும் தடவிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள். சாண்ட்விச் என்றால் மயோனைஸ் இல்லாமல் தொடாதவர்கள். தடவுகிற பதத்தில், மென்மையாக, உடனே சாப்பிடுகிற மாதிரி நல்ல கொழுப்பு வேண்டும் என்றால் இதைவிட எளிது எனக்குத் தெரியவில்லை. விலைக்குத் தேக்கா_வாசி சொன்ன பெரிய பச்சைப் பழம் கைகொடுக்கும். ஒன்றை வாங்கினால் வீட்டில் நான்கு பேருக்குப் போதும்.

---

உணவியல்_பணி
செவ்வாய், மதியம் 1.10

நான் உணவியல் துறையில் வேலை செய்கிறேன். பொதுவாகத்தான் எழுத முடியும், உங்கள் மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்குச் செல்லும்.

இழையைத் தொடங்கியவர் சொன்ன ‘பதிலாக’ என்ற கருத்துக்கு ஆய்வில் ஆதரவு இருக்கிறது. 2022இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு முடிவு வெளியிட்டார்கள். 1,10,000க்கும் அதிகமானவர்களை 30 வருடம் தொடர்ந்து கவனித்தது. வாரத்துக்கு இரண்டு பங்கு அல்லது அதற்கு மேல் அவகாடோ சாப்பிட்டவர்களுக்கு (ஒரு பங்கு என்றால் அரைப் பழம்) இதய ரத்தநாள நோய் வாய்ப்பு 16 விழுக்காடு குறைவாக இருந்தது. வெண்ணெய், மார்கரின், சீஸ், பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றில் நாளுக்கு அரைப் பங்கை எடுத்துவிட்டு அவகாடோ வைத்தால் ஆபத்து 16 முதல் 22 விழுக்காடு வரை குறையும் என்றும் கணக்கிட்டார்கள். இது கவனித்துப் பார்த்த ஆய்வு. அவகாடோ சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே மற்ற விஷயங்களிலும் அக்கறையாக இருப்பார்கள், அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதே வருடம் இன்னொரு ஆய்வும் வந்தது. அமெரிக்காவில் சுமார் ஆயிரம் பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் ஒரு முழு அவகாடோ ஆறு மாதம் கொடுத்தார்கள். சாப்பாட்டில் வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு குறையவில்லை. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ரால் மிகக் கொஞ்சமாகக் குறைந்தது. எடை கூடவும் இல்லை. ‘அவகாடோ தொப்பையைக் கரைக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பாமல் இருக்க இந்த ஆய்வு ஒன்றே போதும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இதில் 100 கிராமுக்கு உள்ள மாவுச்சத்து 8.5 கிராமில் பெரும்பகுதி நார்ச்சத்துதான். எனவே ரத்தச் சர்க்கரையைப் பெரிதாக ஏற்றாது. ஆனால் சோற்றின் அளவைக் குறைக்காமல் பக்கத்தில் இதை வைத்தால் கலோரி மட்டும் கூடும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்களும் உண்டு. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், ரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர்கள், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், இவர்கள் கேட்காமல் சாப்பிடக் கூடாது. சிங்கப்பூரில் நம் ஆட்களில் இந்த நிலையில் இருப்பவர்கள் நிறைய, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். வாழைப்பழத்தை நிறுத்தியவர் ‘இது வெளிநாட்டுப் பழம், ஒன்றும் செய்யாது’ என்று நினைத்துச் சாப்பிடுவதை நான் பார்க்கிறேன். மனசு பதறுகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று தினமும் ஒன்று என்று ஆரம்பிக்கக் கூடாது. இதிலும் வைட்டமின் கே உண்டு. மருந்தின் வேலை குறையக்கூடும். ரப்பர் கையுறை ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு அவகாடோ, வாழை, கிவி மூன்றுமே ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டதும் வாய் அரித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

---

செங்காங்_அம்மா
செவ்வாய், பிற்பகல் 3.28

மிக்க நன்றி. எங்கள் பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்திருக்கிறது. கஞ்சியும் ராகிக் கூழும் ஆரம்பித்துவிட்டோம். அவகாடோ கொடுக்கலாமா? மாமியார் குளிர்ச்சி என்கிறார்கள்.

---

உணவியல்_பணி
செவ்வாய், மாலை 5.02

தாராளமாகக் கொடுக்கலாம் அம்மா. நன்கு பழுத்ததைக் கரண்டியால் மசித்து, தாய்ப்பாலோ அவளுக்குப் பழக்கமான பாலோ சேர்த்துத் தளர்த்திக் கொடுங்கள். வேகவைக்க வேண்டியதில்லை. உப்பு, சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. முதல் தடவை ஒன்றிரண்டு கரண்டி போதும், வேறு புதிய உணவை அதே நாளில் தொடங்காதீர்கள். துண்டாகக் கையில் கொடுத்தால் வழுக்கித் தொண்டையில் போய்விடும், கவனம். மாமியாரிடம் அறைச்சூட்டில் வைத்த பழத்தைத்தான் கொடுக்கிறேன், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள். அவர்களுக்கும் திருப்தியாக இருக்கும். அவகாடோவில் இரும்புச்சத்து குறைவு என்பதால் ராகியையும் பருப்பையும் குறைத்துவிடாதீர்கள்.

---

கீழ்ப்பழநி_பிள்ளை
செவ்வாய், இரவு 8.47

தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் ஊர். இப்போது புங்கோலில் இருக்கிறேன். எங்கள் மலையில் இதைப் பட்டர் ஃப்ரூட் என்போம். காப்பித் தோட்டத்துக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் மரம். மிளகுக்கொடிகூட ஏற்றுவார்கள். மெக்சிகோப் பக்கத்துப் பழம்தான், ஆனால் பட்டையும் பிரிஞ்சி இலையும் இதன் சொந்தக்காரர்கள், ஒரே தாவரக் குடும்பம்.

மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். இது மரத்தில் பழுக்காது. முற்றியதைப் பறித்த பிறகுதான் பழுக்கவே ஆரம்பிக்கும். அதனால் கல்லு மாதிரி இருப்பதை வாங்கப் பயப்படாதீர்கள். அரிசிப் பானையில் புதைத்து வைப்போம். வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டாலும் சீக்கிரம் பழுக்கும். வாழையிலிருந்து வரும் எத்திலீன் வாயு பழுக்கவைக்கும். சிங்கப்பூர் வெக்கைக்கு இரண்டு, மூன்று நாளில் ஆகிவிடும். பழுக்காத காயை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர் அடித்தால் சதை கறுத்து, பிறகு சரியாகப் பழுக்காது. பழுத்ததை வைக்கலாம், இரண்டு மூன்று நாள் தாங்கும்.

எங்கள் அம்மா கருப்பட்டி துருவிப் போட்டுப் பிசைந்து தருவார்கள். அதை இன்றைக்கும் விட முடியவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள்தான்.

---

ஜூரோங்_தம்பி
புதன், காலை 8.15

வெட்டிய மீதிப் பாதியைத் தண்ணீரில் முக்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் கறுக்காது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்து பார்த்தேன், பச்சையாகவே இருக்கிறது.

---

தேக்கா_வாசி
புதன், காலை 8.40

தம்பி, அதைச் செய்யாதீர்கள். பச்சையாக இருப்பது உண்மைதான். ஆனால் தோலில் லிஸ்டீரியா, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருந்தால் அவை தண்ணீரில் பெருகி, சதைக்குள்ளும் போய்விடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் இதையே குறிப்பிட்டு வேண்டாம் என்று சொன்னது. தோலை உரிக்கப்போகிறோமே என்று கழுவாமல் வெட்டுவதும் அதே தப்பு. கத்தி தோலில் இருப்பதை உள்ளே கொண்டுபோய்விடும். குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து, பிறகு வெட்டுங்கள்.

கறுப்பது காற்றுப் படுவதால்தான், வெட்டிய ஆப்பிள் கறுக்கிற மாதிரி. சின்ன எலுமிச்சையைப் பிழிந்து தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைக் காற்று புகாமல் ஒட்டி வையுங்கள். மறுநாள் மேலே லேசாகப் பழுப்பு இருந்தால் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம். சிக்குவாடை அடித்தால் குப்பையில் போடுங்கள். நிறைய மிஞ்சினால் எலுமிச்சைச் சாறு விட்டு மசித்து உறையவைத்துவிடலாம். துண்டாக உறையவைத்தால் கொழகொழவென்று ஆகிவிடும், மசித்ததுதான் சரிவரும்.

வெட்டும்போது பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொட்டையில் கத்தியைக் குத்தாதீர்கள். கை கிழிந்து தையல் போட்டவர்கள் நிறையப் பேர். பலகையில் வைத்து வெட்டி, கொட்டையைக் கரண்டியால் நெம்பி எடுங்கள்.

---

பாசிர்ரிஸ்_சமையல்
புதன், மதியம் 12.30

சமையலுக்கு வருவோம். நான் செய்யும் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, அவகாடோ தயிர்ப் பச்சடி. கெட்டித் தயிரில் மசித்த பழம், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. ஒரு சொட்டு எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, அது நன்றாக ஆறிய பிறகு கொட்ட வேண்டும். சூடாகக் கொட்டினால் அந்த இடம் கசக்கும். தயிரின் புளிப்பு நிறத்தையும் காப்பாற்றும். புலாவுக்கும் சப்பாத்திக்கும் அருமை. எங்கள் வீட்டில் தேங்காய் அரைத்த பச்சடி இருந்த இடத்துக்கு இது வந்துவிட்டது.

இன்னொன்று நாசி லெமாக் மாதிரி. சோற்றைத் தேங்காய்ப்பாலில் வடிக்காமல் பாண்டான் இலையும் இஞ்சித் துண்டும் போட்டு வெறும் தண்ணீரில் வடிப்பேன். வறுத்த நெத்திலி, கடலை, வெள்ளரி, அவித்த முட்டை, சம்பால் எல்லாம் வழக்கம்போல. பக்கத்தில் அரை அவகாடோவைத் துண்டு போட்டு, உப்பும் எலுமிச்சையும் தெளித்து வைப்பேன். தேங்காய்ப்பாலின் வழவழப்பு வாயில் கிடைத்துவிடுகிறது, சம்பாலின் காரத்தையும் அடக்குகிறது. கெட்டித் தேங்காய்ப்பால் 100 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு 20 கிராமுக்கு மேல். பண்டிகைக்கு முறையான நாசி லெமாக் சமைக்கிறேன், மற்ற நாளில் இது. என் கணவர் இதையே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

கொதிக்கிற குழம்பிலோ ரசத்திலோ இதைப் போட்டுவிடாதீர்கள். அதிக நேரம் சூடுபட்டால் கசப்பு ஏறும்.

---

உட்லண்ட்ஸ்_அடுப்படி
புதன், மாலை 6.18

பாசிர்ரிஸ், அந்தப் பாண்டான் சோறு பிரமாதமான யோசனை. சனிக்கிழமை செய்யப்போகிறேன்.

காய்கறியோடு சேர்ப்பதிலும் ஒரு நன்மை உண்டு. கேரட், தக்காளி, கீரை இவற்றில் இருக்கும் கரோட்டின் வகைச் சத்துகள் கொழுப்பில்தான் கரையும். எண்ணெயே விடாமல் சாலட் சாப்பிட்டால் அதில் பாதிக்கும் மேல் உடம்பில் சேராமலே போய்விடக்கூடும். அரை அவகாடோ சேர்த்தால் உறிஞ்சுவது பல மடங்கு கூடும். கேரட் கோசம்பரியில் தேங்காய்த்துருவலைக் குறைத்து அவகாடோத் துண்டுகளைப் போடுகிறேன். முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கிய பிறகு மேலே தூவினாலும் நன்றாகவே இருக்கிறது.

காலை அவசரத்துக்கு: முழுதானிய ரொட்டியில் மசித்த பழம், அதன்மேல் இட்லிப்பொடி, இரண்டு சொட்டு எலுமிச்சை. வெண்ணெய் வேண்டாம், பொடிக்கு நல்லெண்ணெயும் வேண்டாம். பிள்ளைகளிடம் இது ஒட்டிக்கொண்டுவிட்டது.

---

புக்கிட்பாத்தோக்_வாசகர்
புதன், இரவு 9.05

அவகாடோ எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லையே? பொரிக்க நல்லது என்று விலை கொடுத்து வாங்கினேன். திறந்ததும் பழைய சிக்குவாடை. காலாவதி தேதி இன்னும் வரவில்லை.

---

உணவியல்_பணி
புதன், இரவு 9.33

உங்கள் மூக்கு சொல்வதை நம்புங்கள். 2020இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கடைகளில் கிடைத்த அவகாடோ எண்ணெய்களைச் சோதித்தது. 82 விழுக்காடு தேதிக்கு முன்பே கெட்டுப்போனவை அல்லது வேறு எண்ணெய் கலந்தவை. சுத்திகரித்த நல்ல அவகாடோ எண்ணெய் அதிக வெப்பம் தாங்கும், அது உண்மை. ஆனால் பழத்தின் நார்ச்சத்தும் பொட்டாசியமும் எண்ணெயில் வராது. அந்தப் பணத்துக்குப் பழமாக வாங்குங்கள், தாளிக்கக் கடலை எண்ணெய் இருக்கட்டும்.

கொட்டையைக் காயவைத்துப் பொடித்துக் குடிக்கச் சொல்லும் வீடியோக்களும் வருகின்றன. பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை, விட்டுவிடுங்கள்.

---

கீழ்ப்பழநி_பிள்ளை
புதன், இரவு 10.11

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளி, லவ் பேர்ட்ஸ், முயல் வளர்ப்பவர்கள் இதை அவற்றுக்குக் கொடுக்கவே கூடாது. பெர்சின் என்ற பொருள் இந்த மரத்தின் இலை, தோல், கொட்டை, சதை எல்லாவற்றிலும் உண்டு. மனிதர்களுக்கு ஒன்றும் ஆகாது, பறவைக்கு உயிர்போகும். ஊரில் ஆடு இலையைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வோம்.

---

பூன்லே_பெரியவர்
வியாழன், காலை 6.20

நேற்று பேத்தி வாங்கி வந்து இட்லிப்பொடி போட்டுத் தந்தாள். பல்லுக்குச் சிரமமில்லாமல் இருந்தது, நன்றாகவும் இருந்தது. பிறகு உணவியல் அம்மா எழுதியதைப் படித்தேன். எனக்குச் சிறுநீரகக் கணக்கு கொஞ்சம் கூடுதல் என்று பலதுறை மருந்தகத்தில் சொல்லியிருக்கிறார்கள். நான் சாப்பிடலாமா?

---

உணவியல்_பணி
வியாழன், காலை 7.05

ஐயா, அடுத்த தடவை மருந்தகம் போகும்போது உங்கள் பொட்டாசியம் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும் பொட்டாசியத்தை ஏற்றும், அதனால் மாத்திரைப் பட்டியலையும் கொண்டுபோங்கள். சிறுநீரகம் லேசாகப் பாதித்திருந்தால் எல்லோருக்கும் தடை கிடையாது, அளவு இயல்பாக இருந்தால் கொஞ்சம் அனுமதிப்பார்கள். பதில் வரும்வரை வேண்டாம். நேற்றுச் சாப்பிட்டதற்குக் கவலைப்படாதீர்கள். ஆனால் மார்பு படபடப்பு, கைகால் தளர்ச்சி ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

---

பூன்லே_பெரியவர்
வியாழன், காலை 7.20

அப்படி எதுவும் இல்லை. திங்கட்கிழமை போகிறேன், கேட்டுவிட்டு எழுதுகிறேன். நன்றி அம்மா.

---

செங்காங்_அம்மா
வியாழன், மதியம் 2.44

பாப்பா இரண்டு கரண்டி சாப்பிட்டாள், ஒன்றும் செய்யவில்லை. மீதியைச் சப்பாத்தி மாவில் போடலாம் என்று எங்கோ படித்தேன். யாராவது செய்திருக்கிறீர்களா?

---

உட்லண்ட்ஸ்_அடுப்படி
வியாழன், மாலை 5.36

நான் அடிக்கடி செய்கிறேன், பிள்ளைகளின் பள்ளி டப்பாவுக்கு இதுதான். இரண்டு கப் ஆட்டா மாவுக்கு அரை ஹாஸ் பழம், கட்டியில்லாமல் மசித்தது. உப்பு, கொஞ்சம் ஓமம். முதலில் தண்ணீர் விடாமல் பழத்தை மட்டும் மாவில் விரல் நுனியால் உதிர்த்துக் கலக்குங்கள். பழத்திலேயே ஈரம் இருப்பதால் வழக்கமான தண்ணீரை ஊற்றினால் கையில் ஒட்டும். பிறகு கரண்டி கரண்டியாகத் தெளித்துப் பிசையுங்கள். எண்ணெய் வேண்டாம், சுடும்போதும் வேண்டாம். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், சட்டென்று திருப்பி எடுத்துவிட்டால் கசப்பு வராது. மதியம் வரை மெத்தென்று இருக்கும்.

பெரிய பச்சைப் பழம் என்றால் நீர் அதிகம், இன்னும் குறைவாகத் தண்ணீர் விடுங்கள். மாவை இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், காலையில் கறுத்திருக்கும். பிசைந்து பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு உடனே சுட்டுவிடுங்கள்.